கூம்புக்குண்டும் தக்கையும்: வாய்வழி நிரப்பும் ரைபிளில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் நிரப்பும் ரைபிளில், உருண்டைக் குண்டை விட்டுக் கூம்புக்குண்டுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் சில நாட்களிலேயே மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே, ஃபெல்ட்டிலோ அட்டையிலோ வட்டமாக வெட்டிய ஒரு தக்கையை வைத்துப் பார்க்கிறார்கள். உருண்டையைச் சுற்றியிருந்த துணி வாயுவை அடைத்தது, குழலின் உட்சுவரில் சுற்றிச் செல்லும் பள்ளங்களான புரிகளைப் பற்றியது, குண்டு நழுவாமலும் பிடித்தது. கூம்புக்குண்டில் அந்தத் துணி இல்லை. ஈயம் தானே விரிந்து புரிக்குள் அமர வேண்டும், அது முழுமையாக அமராத இடத்தைத் தக்கை அடைக்க வேண்டும். தக்கையின் வேலை அவ்வளவுதான். சேராத குண்டைச் சேர வைக்கவும், மெதுவாகத் திரும்பும் புரியை வேகமாக்கவும், கூடுதல் மருந்து போட இடம் கொடுக்கவும் அதனால் முடியாது. சரிசெய்யச் சொல்லி என் முன் வந்த ரைபிள்களில் பாதிக்கு மேல், குறை வேறெங்கோ இருக்க, தக்கையை மாற்றி மாற்றி அதைத் தீர்க்க முயன்றிருந்தார்கள்.

ஆகவே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும், அடுத்து வரும் இரண்டு பகுதிகளையும் முதலில் முடித்துவிடுங்கள்.

## தொடங்கும் முன்: கோலில் மூன்று கோடுகள்

குண்டைத் தள்ளும் கோலை வெறுங்குழலில் அடிவரை விட்டு, குழல்வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு இடுங்கள். வழக்கமான மருந்தும் குண்டும் மட்டும் நிரப்பி இரண்டாவது கோடு. தக்கையையும் சேர்த்து நிரப்பி மூன்றாவது கோடு. கம்பளி ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) தக்கை பெரும்பாலும் 3 மி.மீ. தடிமன் இருக்கும், அழுத்தத்தில் அது சற்றுத் தாழும் என்பதால் இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வருவது இயல்பு. அதைவிடக் கூடுதலாக வந்தால் தக்கை சாய்ந்திருக்கிறது, இரண்டு தக்கை போயிருக்கிறது, அல்லது குண்டு அடிவரை இறங்கவில்லை.

அதன் பிறகு தக்கை இல்லாமல் 5 குண்டுகள், தக்கையோடு 5 குண்டுகள், இரண்டையும் தனித்தனி இலக்குத் தாளில் சுட வேண்டும். மருந்தின் அளவு, குண்டு, குழலைத் துடைக்கும் முறை ஆகிய மூன்றும் மாறக் கூடாது. இரண்டு தாள்களுக்கும் வேறுபாடே இல்லையென்றால், நீங்கள் தேடும் குறை தக்கையில் இல்லை.

கருமருந்தும் அதற்கென்றே செய்யப்பட்ட மாற்று மருந்தும் தவிர வேறெதுவும் இந்தக் குழலுக்குள் போகக் கூடாது. புகையற்ற மருந்து, அதற்கெனத் தனியாக வடிவமைக்கப்படாத வாய்வழி ரைபிளைப் பிளந்துவிடும். தயாரிப்பாளர் உங்கள் ரைபிளுக்குக் குறித்திருக்கும் உச்ச அளவே உச்சம். அதே அளவு மருந்துக்கு, உருண்டையைவிட எடை மிகுந்த கூம்புக்குண்டு அதிக அழுத்தத்தை எழுப்பும் என்பதால், உருண்டைக்குச் சொன்ன அளவை அப்படியே இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## கீழே விழுந்த தக்கை என்ன சொல்கிறது

சுட்ட தக்கைகளைத் தேடி எடுக்காமல் இந்தக் குறைகளைக் கண்டுபிடிக்க முயல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது போன்றது. சுடுதளம் பாதுகாப்பாக இருக்கிறது என்ற அறிவிப்பு வந்த பிறகு, குழல்வாய்க்கு முன்னே 5 முதல் 20 மீட்டர் வரை நடந்து பார்த்தால் பெரும்பாலானவை கிடைத்துவிடும். ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையிலேயே ஒரு தட்டில் வையுங்கள்.

நல்ல தக்கை வட்டம் குலையாமல் இருக்கும். மருந்துப் பக்கம் கறுத்திருந்தாலும் குண்டுப் பக்கம் ஏறக்குறைய பழைய நிறத்திலேயே இருக்கும். விளிம்பைச் சுற்றிப் புரியின் மேடும் பள்ளமும் சிறு பற்களைப் போலப் பதிந்திருக்கும். விரலால் விளிம்பை வருடினால் அந்தப் பற்களை எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை உங்கள் குழலின் புரி எண்ணிக்கையோடு ஒத்துவந்தால், தக்கை முழுச் சுற்றும் அடைத்துக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள்.

ஒரு பக்க விளிம்பு மட்டும் தின்னப்பட்டிருந்தால் தக்கை சாய்ந்து இறங்கியிருக்கிறது. கோலின் முனை குண்டின் மூக்குக்கு ஏற்றபடி குழிந்திருக்க, அதே முனையால் தக்கையைத் தனியே தள்ளியிருப்பீர்கள். தக்கையைக் கட்டைவிரலால் குழல்வாய்க்குள் மட்டமாக அழுத்தி, அதன் மேல் குண்டை வைத்து, இரண்டையும் ஒரே தள்ளலில் இறக்குங்கள். குண்டின் தட்டை அடியே தக்கையை நேராகப் பிடித்துக்கொள்ளும்.

நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் குண்டின் அடி குழிவானதா என்று பாருங்கள். குழிவான அடிக்கு நடுவில் தாங்கல் இல்லாததால் வாயு தக்கையை அந்தக் குழிக்குள் குத்திவிடுகிறது. அடி தட்டையாக இருந்தும் ஓட்டை விழுந்தால் தக்கை மெலிது, அல்லது மருந்து அளவு கூடுதல்.

சுற்றிலும் விளிம்பு கருகிச் சிறுத்திருந்தால் தக்கையின் விட்டம் போதவில்லை. .50 காலிபர் துளை 12.7 மி.மீ., .54 காலிபர் துளை 13.7 மி.மீ.; இவை மேட்டிலிருந்து மேட்டுக்கு உள்ள அளவுகள், பள்ளங்கள் இதைவிட ஆழத்தில் இருக்கின்றன. பெயரளவுக்குச் சரியாக வெட்டிய தக்கை பள்ளங்களை நிரப்பாது. நுழைக்கும்போது விளிம்பு சற்றே மடங்கி இறுகும் அளவு பெரிதாக அது இருக்க வேண்டும். உருண்டைக் குண்டுக்கென்று ஆழமாகப் பள்ளம் வெட்டிய குழல்களில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். தக்கை உண்மையில் கைகொடுப்பதும் அத்தகைய குழல்களில்தான்.

தக்கை கிடைக்கவே இல்லையென்றால் ஒன்று முழுவதும் எரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு இலக்குவரை போயிருக்கிறது. இரண்டாவதற்கான சோதனை, ‘ஒன்றிரண்டு குண்டுகள் மட்டும் விலகிப் போகின்றன’ என்ற பகுதியில் வருகிறது.

தக்கை உருகி ஓரம் கண்ணாடிபோல் இறுகியிருந்தால் அது கம்பளி அல்ல. ஒருமுறை நானும் ஒரு துணிக்கடைச் சுருளைக் கம்பளி என்று நம்பி வாங்கி, நூறு தக்கைகள் வெட்டி, மசகில் ஊறவைத்து எடுத்துப் போனேன். மூன்றாவது சுடலுக்குப் பின் துடைத்த துணி குழலின் நடுவில் ஒட்டி நின்றது. இழுத்துப் பார்த்தால் கறுத்த பிசின் நூலிழைகளாக அதில் ஒட்டியிருந்தது. அன்று முதல் எந்தச் சுருளையும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, மருந்துக்கு வெகு தொலைவில் தீயில் காட்டிய பிறகே பயன்படுத்துகிறேன். கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, தீயை விலக்கினால் தானே அடங்கி, நசுக்கினால் தூளாகும் கரியைத் தரும். செயற்கை இழை உருகிச் சொட்டி, ஆறினால் கடினமான மணியாகிவிடும். ஒரு நிமிடச் சோதனை இது. இதைத் தவிர்க்கவே கூடாது.

## குண்டு பாதி வழியில் இறுகி நிற்கிறது

பெரும்பாலும் காரணம் கசடு. கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. முதல் குண்டு எளிதாகப் போய், மூன்றாவது இறுகி, ஐந்தாவது நின்றுபோனால் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்துணியால் ஒருமுறை துடைத்துச் சுட்டுப் பாருங்கள். துணி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கக் கூடாது. அந்த ஈரம் குழலின் அடியில் தேங்கி அடுத்த மருந்தைக் கெடுக்கும்.

எப்போதும் ஒரே இடத்தில், அதாவது குண்டு அமரும் இடத்துக்குச் சற்று மேலே இறுகினால், அங்கே வளையமாகக் கசடு படிகிறது. சில மாற்று மருந்துகள் இப்படிக் கடினமான வளையத்தை விடும் இயல்புடையவை. மசகு ஊறிய தக்கை அந்த வளையத்தை மென்மையாக்கி அடித்துக்கொண்டு போகும் என்பது உண்மை. ஆனாலும் சில மாற்று மருந்துகளுக்குத் தக்கை வைப்பது பற்றியும் அழுத்துவது பற்றியும் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மருந்துக் குப்பியிலும் தயாரிப்பாளரின் கையேட்டிலும் உள்ளதைப் படித்த பிறகே தக்கை வையுங்கள்.

தக்கையே இறுகச் செய்கிறதா என்பதை அறிய, துடைத்த சுத்தமான குழலில் தக்கை ஒன்றை மட்டும் கோலால் தள்ளிப் பாருங்கள். கையழுத்தத்தில் சீராகப் போக வேண்டும். கோலின் மேல் சாய்ந்து முழு உடல் எடையைப் போட வேண்டியிருந்தால் தக்கை பெரிது.

அடுத்த சந்தேகம் ஈயத்தின் மேல். கட்டைவிரல் நகத்தால் கீறினால் தூய ஈயத்தில் தெளிவான கோடு விழும். கடினத்தைக் குறிக்கும் பிரினெல் அளவில் தூய ஈயம் ஏறக்குறைய 5. சக்கரச் சமநிலை எடைகளை உருக்கி வார்த்த ஈயம் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கடினம். கடின ஈயம் அச்சில் ஆறும்போது குறைவாகச் சுருங்குவதால் குண்டு சற்றுப் பெரிதாகவே வரும், எடையோ குறைவாக இருக்கும். நுழையும்போது இறுகுவது ஒரு தொல்லை என்றால், சுடும்போது விரியாமல் போவது இன்னொன்று.

பாதியில் நின்ற குண்டை ஒருபோதும் சுட்டு வெளியேற்றாதீர்கள். கேப்பை (சுத்தியல்போன்ற குதிரை அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) எடுத்துவிட்டு, முகத்தைக் குழல்வாய்க்கு நேராகக் கொண்டுவராமல், கோலைச் சிறு சிறு தள்ளல்களாகத் தள்ளி அடிவரை இறக்கப் பாருங்கள். இறங்கவில்லையென்றால், கேப்பு பொருந்தும் துளையுள்ள சிறு முனையான நிப்பிளைக் கழற்றி அதன் துளை வழியே தண்ணீர் விட்டு மருந்தை முற்றாக நனைத்துக் கெடுத்த பிறகே குண்டு இழுக்கும் திருகைப் பயன்படுத்துங்கள். திருகு ஈயத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் வேலையை அத்துடன் நிறுத்தி, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்விடுங்கள். உள்ளே குண்டும் நனைத்த மருந்தும் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டே அவர் கையில் கொடுங்கள்.

## குண்டு மருந்தை விட்டு முன்னே நழுவுகிறது

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தான அறிகுறி இதுதான். துணி சுற்றிய உருண்டை போட்ட இடத்திலேயே இருக்கும். எளிதாக இறங்கும் கூம்புக்குண்டோ, குழல்வாய் கீழே பார்க்க ரைபிளைச் சுமந்து நடந்தாலும், வண்டியில் குலுங்கினாலும், அடிப்பகுதி தரையில் இடித்தாலும் முன்னேறிவிடக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விழுந்த நிலையில் சுட்டால், குழல் அந்த இடத்தில் வளையமாகப் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

தக்கை இதைத் தடுக்கும் என்று நம்பித்தான் பலர் தக்கைக்கே வருகிறார்கள். தக்கை குண்டுக்குக் கீழே இருக்கிறது. அது மருந்தைப் பிடிக்கும், மேலே இருக்கும் குண்டைப் பிடிக்காது. இன்னும் மோசமான நிலை ஒன்றுண்டு. மசகு தடவிய தக்கை மருந்தின் மேலேயே இருக்க, குண்டு மட்டும் நழுவும்போது வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஒரு காலைப்பொழுது முழுவதும் தோளில் தொங்கவிட்டுச் சென்ற ரைபிளில் கோலை விட்டுப் பார்த்தபோது மூன்றாவது கோடு குழல்வாய்க்கு மேலே இரண்டு விரல் அகலம் உயர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நிரப்பியவர் அனுபவமுள்ளவர், தக்கையும் சரியான அளவு, குண்டு மட்டும் தளர்வாக இருந்தது.

சோதனை எளிது. கேப்பு இல்லாமல், நிரப்பிய ரைபிளின் வாயைப் பாதுகாப்பான திசையில் கீழ்நோக்கிச் சாய்த்து, அடிக்கட்டையைக் கையால் சில முறை தட்டி, பிறகு கோலை விட்டுக் கோட்டைப் பாருங்கள். கோடு அசைந்தால் அந்தக் குண்டு உங்கள் குழலுக்கு ஏற்றதல்ல. மேல் பட்டையில் சற்று அகலமான, குழல்வாயில் நுழையும்போதே புரியில் வெட்டுப்படுகிற குண்டுக்கு மாறுங்கள். அந்த வகைக் குண்டுகள் இதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. குண்டுக்கு மேலே இன்னொரு தக்கையை வைத்து நிறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனெனில் மேல்தக்கை நழுவினால் அதுவும் குழலில் ஒரு தடையாகிவிடும்.

எந்தக் குண்டானாலும், நிரப்பிய பின் சற்று நேரம் கடந்திருந்தால், சுடுவதற்கு முன் கேப்பு இல்லாத நிலையில் கோலை விட்டுக் கோட்டைப் பார்த்துவிடுங்கள்.

இதே வெற்றிடம் வேறொரு வழியிலும் உண்டாகும். சில ரைபிள்களில் குழலின் அடி, துளையைவிடக் குறுகிய ஓர் அறையாக முடிகிறது. மருந்து அந்த அறை நிரம்பாத அளவுக்குக் குறைவாக இருந்தால், தக்கையும் குண்டும் அறையின் தோளில் உட்கார்ந்துகொள்ளும். கீழே காற்று இருக்கும். கோடோ சரியான இடத்திலேயே தெரியும். ஆகவே அத்தகைய ரைபிளில், தயாரிப்பாளர் குறித்த மிகக் குறைந்த அளவுக்கும் கீழே மருந்தைக் குறைத்துவிட்டுத் தக்கையால் ஈடுகட்ட வேண்டாம்.

## கேப்பு வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை. அல்லது தாமதமாகப் பற்றுகிறது

முதலில் உயிர்காக்கும் செயல். குழல்வாயை இலக்கை நோக்கியே வைத்திருங்கள். குறைந்தது 1 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நான் 2 நிமிடம் நிற்கிறேன். அதன் பிறகு நிப்பிள் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, புதுக் கேப்பு போட்டு மீண்டும் முயலுங்கள். இரண்டு கேப்புகளுக்கும் பற்றவில்லையென்றால், நிப்பிளைக் கழற்றி, அதன் கீழே சில கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு எடை அலகு) நுண்மருந்தை ஊட்டி, நிப்பிளை மாட்டி, குண்டு இன்னும் அடியிலேயே இருக்கிறதா என்று கோலால் உறுதிசெய்துவிட்டுச் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் கோல் உள்ளே போகும்போது கேப்பு நிப்பிளின் மேல் இருக்கவே கூடாது.

நாளின் முதல் சுடலில் மட்டும் இது நடந்தால், சேமிக்கும்போது தடவிய எண்ணெய் அடியில் தேங்கியிருக்கிறது. நிரப்பும் முன் உலர்துணியால் துடைத்து, வெறுங்குழலில் ஒரு கேப்பை வெடித்துப் பாருங்கள். குழல்வாயைத் தரையில் ஒரு புல்லிதழுக்கு அருகே பிடித்தால், வழி திறந்திருக்கும்போது புல் சட்டென்று அசையும். அது அசையாதவரை மருந்து போடாதீர்கள்.

நிரப்பி நெடுநேரம் வைத்த பிறகு மட்டும் நடந்தால் குற்றவாளி தக்கைதான். வெயிலில் மசகு இளகி மருந்துக்குள் இறங்கிவிடுகிறது. தக்கையை இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தாளில் படும் கறை தக்கையின் வட்டத்தைத் தாண்டிப் பரவினால் மசகு மிகுதி. தேன்மெழுகையும் விலங்குக் கொழுப்பையும் கலந்த மசகில் மெழுகின் பங்கைக் கூட்டினால் அது வெயில் தாங்கும். பெட்ரோலிய மசகைத் தவிருங்கள். கருமருந்தோடு சேர்ந்தால் அது தார்போன்ற கசடைத் தரும். மருந்தின் மேல் முதலில் ஓர் உலர்ந்த அட்டைத் தக்கையும் அதன் மேல் மசகு ஊறிய ஃபெல்ட் தக்கையும் வைத்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அட்டைக்கு 0.75 முதல் 1.5 மி.மீ. தடிமன் போதும்.

எந்த முறையுமின்றி அவ்வப்போது நடந்தால் நிப்பிளை மாற்றுங்கள். இந்த ரைபிளில் மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடிய உறுப்பு அது. மாற்றியும் தொடர்ந்தால், அடியறையில் கெட்டிப்பட்ட கசடு இருக்கலாம். அதன் அடைப்புத் திருகைக் கழற்றுவது பழுதுபார்ப்பவரின் வேலை, வீட்டில் செய்யக் கூடாது.

## ஒன்றிரண்டு குண்டுகள் மட்டும் விலகிப் போகின்றன

ஐந்தில் மூன்று ஒரே இடத்தில் நெருங்கி விழுந்து, மற்றவை ஒரு சாண் தள்ளிப் போகின்றன என்றால், அந்தக் குண்டுகளுக்கு ஏதோ ஒன்று வேறுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது தக்கையின் ஒட்டல்தான். மசகு குண்டின் அடியில் பசைபோல் பிடித்து, தக்கை சில குண்டுகளோடு மட்டும் கூடவே பறக்கிறது. அது எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதற்கேற்ப குண்டு விலகுகிறது. தக்கைகளை எண்ணிப் பாருங்கள். 5 சுடலுக்கு 3 தக்கைகள் கிடைத்து, விலகியவையும் இரண்டாக இருந்தால், விடை உங்கள் கையில். குண்டுக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே உலர்ந்த மெல்லிய அட்டை ஒன்றை வைத்துச் சுடுங்கள். அல்லது உலர்ந்த ஃபெல்ட்டைப் பயன்படுத்தி, மசகைக் குண்டின் பள்ளங்களில் மட்டும் தடவுங்கள்.

குழிவான அடியுள்ள மினியே வகைக் குண்டானால், தக்கையையே நீக்கிவிட்டுச் சுடுங்கள். அந்தக் குண்டின் மெல்லிய பாவாடை வாயுவால் விரிந்து புரியைப் பற்றுவதற்காகவே செய்யப்பட்டது. நடுவில் தக்கை புகுந்தால் விரிவு சீராக இருப்பதில்லை. 1849ஆம் ஆண்டின் மினியே குண்டில் அந்தக் குழிக்குள் ஓர் இரும்புக் கிண்ணம் இருந்தது. அது சில வேளை குண்டின் தலையைப் பிய்த்துக்கொண்டு போய், ஈயக் குழாயை மட்டும் குழலுக்குள் விட்டுவிடும். பின்னால் வந்த, பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான .577 என்ஃபீல்டின் குண்டில் பாக்ஸ்வுட் மரத்தக்கையும் அதற்குப் பின் களிமண் தக்கையும் வைத்துப் பார்த்தார்கள். பாவாடை சீராக விரிவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை இது காட்டுகிறது. மருந்து கூடினாலும் பாவாடை கிழிந்து வளைந்துவிடும். ஆகவே இவ்வகைக் குண்டில் சிதறலைக் கண்டால், தக்கையைச் சேர்ப்பதற்குப் பதில் மருந்தைச் சிறிது குறைத்துப் பாருங்கள்.

எஞ்சியிருப்பது கையின் சீரின்மை. ஒரு முறை மெல்ல அழுத்தி, மறுமுறை குத்தி இறக்கினால் ஃபெல்ட் வெவ்வேறு அளவு தாழும். குத்துவதால் குண்டின் மூக்கும் நசுங்கும். ஒவ்வொரு முறையும் கோடு குழல்வாயோடு நேராக வரும்வரை ஒரே அழுத்தத்தில் இறக்கிப் பழகினால் போதும்.

## எல்லாக் குண்டுகளும் பரந்து விழுகின்றன. ஓட்டைகள் நீள்வட்டமாக இருக்கின்றன

ஓட்டை வட்டமாக இருந்து பரவல் மட்டும் அதிகமென்றால், மருந்தை 5 கிரெயின் படிகளாக, தயாரிப்பாளரின் வரம்புக்குள், குறைத்தும் கூட்டியும் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். தக்கை சேர்த்த பின் பழைய அளவே சிறந்ததாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஓட்டை நீள்வட்டமாக, குண்டு பக்கவாட்டில் விழுந்ததுபோல் இருந்தால், தக்கையை மறந்துவிடுங்கள். அந்த நீளமுள்ள குண்டை நிலைநிறுத்தும் அளவுக்குப் புரி வேகமாகத் திரும்பவில்லை. இதை நீங்களே அளக்கலாம். கோலின் முனையில் இறுக்கமான துணியோடு, கைப்பிடியில் தடையின்றிச் சுழலும் கோலை அடிவரை விட்டு, குழல்வாய்க்கு நேராக ஒரு குறியும் கோலின் மேல்பக்கம் ஒரு குறியும் இட்டு, மெதுவாக வெளியே இழுங்கள். கோல் கால் சுற்றுச் சுழல எத்தனை அங்குலம் வெளிவந்ததோ, அதை 4ஆல் பெருக்கினால் ஒரு முழுச் சுற்றுக்கான நீளம். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று உருண்டைக் குண்டுக்கு உரியது. 48 இரண்டுக்கும் நடுவானது; குட்டையான கூம்புக்குண்டை ஏற்கும். 28, அல்லது அதற்குக் குறைவானது நீளமான கூம்புக்குண்டுக்கு உரியது. என்ஃபீல்டின் மூன்று வளைய ரைபிள் 78 அங்குலப் புரியிலும் தன் குண்டை நேராகவே அனுப்பியது; அதன் குண்டு தன் தடிமனுக்கு நீளம் குறைந்தது, அடி குழிந்ததால் எடை முன்பக்கம் இருந்தது. ஆகவே உங்கள் புரி மெதுவென்று தெரிந்தால் முதலில் குட்டையான குண்டுக்கு மாறிப் பாருங்கள்; அதற்கும் அடங்கவில்லையென்றால் உருண்டைக் குண்டுக்குத் திரும்புவதா, குழலை மாற்றுவதா என்பதைப் பழுதுபார்ப்பவரோடு பேசி முடிவெடுங்கள்.

## குழலில் ஈயம் ஒட்டுகிறது

துடைக்கும் துணியில் வெள்ளித்துகள் மின்னினால் ஈயம். மணலில் பாய்ந்த குண்டு ஒன்றைத் தோண்டி எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னிருந்து முன்னோக்கி ஓடும் கீறல்கள், உருகி வழிந்ததுபோல் இருந்தால், வாயு ஓரமாகப் பீறிட்டுப் போயிருக்கிறது. தக்கை உண்மையிலேயே தீர்வாகிற குறை இது: தட்டை அடியுள்ள குண்டு, ஆழமான புரி, சரியான விட்டத்தில் கம்பளித் தக்கை. அப்படியும் ஒட்டினால் ஈயம் கடினம் அல்லது குண்டில் மசகு குறைவு. ஈயம் கையாண்ட பின் கைகழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

## சுடும்போது குதிரை பின்னே எகிறுகிறது

தக்கை நன்றாக அடைத்தால் வாயு முன்னே கசிய முடியாமல் நிப்பிள் வழியே திரும்பும். புது நிப்பிளில் இது தெரியாது. துளை தேய்ந்து அகன்ற நிப்பிளில் குதிரை பாதிவரை எகிறும், கேப்பு துண்டுகளாகச் சிதறும். கண்ணாடி அணியாமல் ஒரு சுடலும் கூடாது. நிப்பிளை மாற்றுங்கள், மாற்றியும் எகிறினால் மருந்தைக் குறைத்து, குதிரையின் வில் தளர்ந்திருக்கிறதா என்று பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

## தரையில் புகை எழுகிறது

உலர்ந்த புல்லில் விழுந்த தக்கை பல நிமிடங்கள் கங்காகக் கனலும். ஃபெல்ட்டைவிட உலர்ந்த அட்டையும் காகிதமும் எளிதில் பற்றும். கோடையில் சுடும் இடத்துக்கு முன்னே தரையை நனைத்து, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து, சுட்டு முடித்த பின் ஒவ்வொரு தக்கையையும் எண்ணி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

## கோல் ஓரிடத்தில் திடீரென்று தளர்கிறது

சுத்தமான குழலில் இறுக்கமான துணியைத் தள்ளும்போது, ஒரு விரற்கடை நீளத்துக்கு மட்டும் பிடி விட்டு, பிறகு மீண்டும் இறுகினால், அங்கே குழல் புடைத்திருக்கிறது. அந்த இடத்தில் குழலின் வெளிப்புறத்தில் ஒரு நேர்விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் தொட்டு இருபுறமும் ஒளி கசிந்தால் வெளியிலும் மேடாகிவிட்டது. வெளியே தெரியாமல் உள்ளே மட்டும் புடைத்திருப்பதும் உண்டு. எப்படியானாலும் அந்தக் குழலில் இன்னொரு சுடல் கூடாது. தக்கையாலோ குண்டாலோ மருந்துக் குறைப்பாலோ இதற்கு மாற்று இல்லை. ரைபிள் வெறுமையாக இருக்கிறது என்பதைக் கோலின் முதல் கோட்டால் உறுதிசெய்து, நிப்பிளைக் கழற்றி, தளர்ந்த இடத்தைக் குழலின் வெளியே சுண்ணக்கட்டியால் குறித்து, அப்படியே பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.